மகன் வைத்த வரிசை

சாவி உடைந்து பாதி விருந்தினர் அறைப் பூட்டுக்குள்ளும் மீதி பரிசோதகர் கையிலும் இருந்தது.

மகனும் மருமகளும் சாயங்காலம் வருகிறார்கள். கல்யாணத்துக்குப் பிறகு முதல்முறையாகத் தங்க வருகிறார்கள். அறைக்குள் புது மெத்தை, புதுப் போர்வை, மேசையில் பூச்சாடி எல்லாம் தயார். உள்ளே போகத்தான் வழியில்லை.

"தெருக்கோடியில பூட்டுக்கடை இருக்கே, ஒரு எட்டு போய்க் கூட்டிட்டு வாங்களேன்" என்றாள் மனைவி.

பரிசோதகர் சிரித்தார். ரயிலில் டிக்கெட் பரிசோதித்து ஓய்வு பெற்றவர். டிக்கெட் இல்லாமல் அகப்பட்டவனைப் பார்த்துச் சிரிக்கும் அதே சிரிப்பு. "அப்புறம் பையன் எதுக்கு இருக்கான்?" என்று போனை எடுத்தார்.

மகனுக்குத் தேடுபொறிக் கம்பெனியில் வேலை. எதையாவது தேடினால் வருகிற பக்கத்தில் எது மேலே, எது கீழே என்று அமைக்கிற பிரிவு. இதை அவன் சொன்னதுதான் தாமதம், காலையில் தன்னோடு நடக்கிறவர்களில் ஒருவரையும் பரிசோதகர் விட்டுவைக்கவில்லை. முடிவெட்டுகிறவர் பாதித் தலையோடு கத்தரியைக் கீழே வைத்துவிட்டு முழுக் கதையையும் கேட்டார்.

"உலகமே என் பையன் வச்ச வரிசையிலதாம்பா தேடுது!"

பரிசோதகர் போனில் 'பூட்டு ரிப்பேர்' என்று தட்டினார். திரை நிறைய நாலைந்து பெயர்கள் வந்து நின்றன. ஒவ்வொன்றின் தலையிலும் பொடி எழுத்தில் 'விளம்பரம்'.

"பாத்தியா? முன்னெல்லாம் இது ஓரமா ஒரு கட்டத்துக்குள்ள ஒண்டிக்கிட்டு இருக்கும். பையன் சேர்ந்தப்புறம் எப்படி மேல கொண்டாந்துட்டான் பாரு."

"விளம்பரம்னா அவங்க காசு குடுத்துப் போட்டதுங்க."

"காசு குடுத்தவனைத்தானே உக்கார வைக்கணும்? டிக்கெட் எடுக்காதவனுக்கு எதுக்கு சீட்டு?"

"சரி, அந்த எழுத்து ஏன் கண்ணுக்கே தெரிய மாட்டேங்குது?"

"அடக்கம். சின்ன வயசுலேர்ந்தே அவன் அப்படித்தான்."

மனைவி கண்ணாடியை மாட்டிக்கொண்டு திரையை மேலே தள்ளினாள். தள்ளிக்கொண்டே போனதில், அடியில் எங்கோ தெருக்கோடிப் பூட்டுக்கடை தெரிந்தது. "இதோ இருக்கே!" என்றாள்.

பரிசோதகர் போனைப் பிடுங்கிக்கொண்டார். "பிள்ளை பாடுபட்டு மேல எடுத்து வச்சிருக்கான். நீ கீழ போய்க் கிளறுறே. பெத்தவளே இப்படிப் பண்ணா ஊர்ல எவன் மதிப்பான்?"

முதல் பெயரைத் தொட்டார். டிரில்லிங் மெஷினோடு ஒருவர் வந்து இறங்கினார்.

"உடைஞ்ச சாவியை எடுக்கணும்" என்றார் பரிசோதகர்.

"எடுக்கறதெல்லாம் இல்ல சார். நாங்க புதுப் பூட்டு விக்கறவங்க."

பழைய பூட்டைத் துளைத்து எடுத்தார். புதுப் பூட்டு உள்ளே போகவில்லை. ஓட்டையைப் பெரிதாக்கினார். பூட்டு இப்போது ஓட்டை வழியாக அந்தப் பக்கம் விழுந்தது. "உங்க கதவு சரியில்ல சார்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். கதவு திறந்துவிட்டது. ஆனால் இனி மூடாது.

"இப்பவாவது அந்தக் கடைக்கு..."

"பூட்டுன்னு தேடினது என் தப்பு" என்று பரிசோதகர் 'கதவு ரிப்பேர்' என்று தட்டி, மேலே வந்ததைத் தொட்டார்.

ஆஜானுபாகுவாக இரண்டு பேர் வந்தார்கள். பேச்சே இல்லை. கீல்களைக் கழற்றிக் கதவை வண்டியில் ஏற்றினார்கள்.

"எங்கப்பா கொண்டு போறீங்க?"

"ஒர்க் ஷாப்புக்கு சார். பத்து நாள்ல வந்துடும்."

மனைவி கதவே இல்லாமல் வாய் பிளந்து நின்ற அறையைப் பார்த்தாள். புது மெத்தை கூடத்திலிருந்தே தெரிந்தது. "புதுசா கல்யாணமானதுங்கங்க!" என்று தலையில் கை வைத்துக்கொண்டாள்.

பரிசோதகருக்கு வியர்த்தது. 'உடனடிக் கதவு' என்று தட்டினார். மேலே வந்தவர்கள் சொன்னபடி உடனே வந்தார்கள், உடனே மாட்டினார்கள். கடைகளுக்கு வைக்கிற கண்ணாடிக் கதவு. அந்தப் பக்கம் இருப்பது பளிச்சென்று தெரிந்தது.

மனைவி சமையலறைக்குப் போனாள். கதவு சர்ரென்று தானே திறந்தது. திரும்பி வந்தாள். மறுபடி திறந்தது.

"பக்கத்துல யார் நடந்தாலும் திறக்கும் மேடம். கை படவே வேண்டாம்" என்றார் மாட்டியவர்களில் ஒருவர்.

அவர்கள் போனதும் பரிசோதகர் நாற்காலியில் சரிந்தார். வாழ்நாள் முழுக்க அடுத்தவன் டிக்கெட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்த மனுஷர் இன்று எதையும் திருப்பிப் பார்க்கவில்லை. கதவு போனதில்கூட அவருக்கு வருத்தமில்லை. மகன் செய்த வேலையில் ஓட்டை இருக்குமோ என்ற நினைப்புதான் நெஞ்சை அறுத்தது.

"இதோ பாரு, நடந்ததை அவன்கிட்ட சொல்லாதே. மனசு ஒடிஞ்சு போயிடுவான். நல்லா இருக்குன்னே சொல்லுவோம்."

மனைவி அவர் தோளைத் தட்டிவிட்டுப் போனாள். கதவு திறந்தது.

சாயங்காலம் மகனும் மருமகளும் வந்தார்கள். இரண்டு நாள் தங்க வந்தவர்களிடம் ஏகப்பட்ட பெட்டிகள். மகன் பெட்டியை இழுத்துக்கொண்டு அறைப் பக்கம் போக, கதவு சர்ரென்று திறந்தது. அப்படியே நின்றுவிட்டான்.

"அப்பா... என்னப்பா இது?"

"உன் கைவண்ணம்டா!" பரிசோதகர் நெஞ்சை நிமிர்த்தினார். "காலையிலேர்ந்து மேல வந்தவங்களை மட்டும்தான் கூப்பிட்டேன். ஒரு தடவைகூட உங்கப்பன் கீழ போய்த் தேடலை. நீ மேல வச்சது தப்பா போகுமா?"

மகன் பெட்டிமேல் உட்கார்ந்து முகத்தை இரண்டு கைகளாலும் மூடிக்கொண்டான். மருமகள் பரிசோதகரின் பக்கத்தில் வந்து நின்று மெதுவாகச் சொன்னாள்:

"மாமா, 'விளம்பரத்தையெல்லாம் இப்படி மேல வைக்காதீங்க, எங்கப்பா அப்படியே நம்பித் தொட்டுடுவார்'னு கம்பெனியில சண்டை போட்டுத்தான் அவர் வேலையை விட்டுட்டு வந்திருக்கார்."