பதிவு எண் 412

டப்பென்று முத்திரையைக் குத்தி, 412 என்று எண் போட்டு, பதிவேட்டில் ஒரு வரி எழுதி, தட்டில் வைத்து மேலாளர் அறைக்கு அனுப்பிவிட்டு, டீயில் இரண்டு வாய் குடித்த பிறகுதான் சீல் சாருக்கு உறைத்தது. போனது அவருடைய ராஜினாமா கடிதம்.

இப்படியும் ஒரு மனிதர் இருப்பாரா என்று கேட்காதீர்கள். இருந்தார். பத்தொன்பது வருஷம் ஒரே மேஜையில் உட்கார்ந்து, அலுவலகத்துக்கு வருகிற ஒவ்வொரு காகிதத்துக்கும் தேதி முத்திரை குத்தி எண் கொடுப்பது அவர் வேலை. அம்மா அப்பா வைத்த பெயர் அங்கே யாருக்கும் ஞாபகமில்லை. மேஜைமேல் காகிதம் என்று ஒன்று கிடந்தால் அவர் கை சும்மா இருக்காது. ஒருமுறை டைப்பிஸ்ட் வைத்துவிட்டுப் போன கல்யாணப் பத்திரிகைக்கும் எண் போட்டு அனுப்பிவிட்டார். மேலாளரும் பார்க்காமலே ‘உரிய நடவடிக்கை எடுக்கவும்’ என்று எழுதித் திருப்பி அனுப்பினார்.

அன்று காலை அலுவலகத்தில் ஒரு கனவு ஆலோசகரை வரவழைத்திருந்தார்கள். கோட்டு போட்டுக்கொண்டு, கழுத்து நரம்பு புடைக்கப் பேசினார்.

“எத்தனை நாளைக்கு இங்க குப்பை கொட்டப் போறீங்க? கனவைத் துரத்துங்க! ஆளுக்கொரு ராஜினாமா கடிதம் எழுதுங்க. குடுக்க வேணாம். எழுதிக் கிழிச்சுப் போடுங்க. பயம் செத்துப்போயிடும்!”

எல்லாரும் எழுதினார்கள், கிழித்தார்கள், கைதட்டினார்கள், கேக் சாப்பிட்டார்கள். சீல் சாருக்கு மட்டும் கிழிக்க மனசு வரவில்லை. தேதி போட்டுக் கையெழுத்தும் போட்ட காகிதத்தை எப்படிக் கிழிப்பது? பத்திரமாகக் கொண்டுவந்து மேஜைமேல் வைத்தார். மீதியைக் கை பார்த்துக்கொண்டது.

டீயை அப்படியே வைத்துவிட்டு ஓடினார். தட்டைத் தூக்கிப் போகிற டிரே அக்கா மேலாளர் அறை வாசலில் நின்றுகொண்டிருந்தார்.

“அக்கா, அந்த நானூத்திப் பன்னெண்டை மட்டும் கொஞ்சம் குடுங்க.”

“அய்யோ, நம்பர் போட்டுட்டீங்களே சார்! நம்பர் போட்ட காகிதத்தை யார் கேட்டாலும் குடுக்கக் கூடாதுன்னு நீங்கதானே சட்டம் போட்டீங்க?”

“நானே கேக்கறேன்ல?”

“அந்தச் சட்டத்தைப் போட்டப்ப, நானே கேட்டாலும் குடுக்காதீங்கன்னுதான் சொன்னீங்க.”

அக்கா உள்ளே போய்விட்டார். இரண்டே நிமிஷத்தில் மேலாளர் கையில் கடிதத்தோடு வெளியே வந்தார். முகமெல்லாம் பல்.

“எல்லாரும் இங்க வாங்க! பத்து நிமிஷம் பேச்சுக் கேட்டார், பத்தொன்பது வருஷ வேலையைத் தூக்கி எறிஞ்சிட்டார். ஆம்பளைன்னா இவர் ஆம்பளை! சொல்லுங்க சார், என்ன உங்க கனவு?”

‘கை தவறிக் குத்திட்டேன்’ என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். ஆனால் முத்திரை விஷயத்தில் கை தவறியது என்று வாயால் சொல்வதைவிட வேலை போவது மேல் என்று அவருக்குத் தோன்றியது. வீம்பு. வேறென்ன? சுற்றிலும் பார்த்தார். சுவரில் காலண்டர். அதில் ஒரு தேனீ.

“தேனீ வளர்க்கப் போறேன் சார்.”

கைதட்டல் அடங்க வெகுநேரம் ஆனது. “உங்க கனவுக்கு நான் குறுக்க நிக்க மாட்டேன். அடுத்த வெள்ளிக்கிழமையே உங்களை விட்டுடறேன்” என்றார் மேலாளர், பெரிய மனசோடு.

கனவு ஆலோசகர் சீல் சாரின் மேஜைக்கே வந்து கையைப் பிடித்துக் குலுக்கினார். பிறகு நாற்காலியின் முதுகைத் தடவிப் பார்த்தார்.

“தினமும் இதே இடமா சார்?”

“ஆமா.”

“சாப்பாடு?”

“ஒரு மணிக்கு.”

“தினமும் ஒரு மணிக்கேவா?” ஆலோசகருக்குக் கண் கலங்கிவிட்டது. சீல் சார், தன் அடிமை வாழ்வைப் பார்த்து அழுகிறார் என்று நினைத்து, அவருக்குத் தண்ணீர் கொடுத்து அனுப்பினார்.

வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் ஒரே ஒரு நம்பிக்கைதான். மனைவி குதிப்பாள், கத்துவாள், அழுவாள். ‘வீட்ல ஒத்துக்க மாட்டேங்கறாங்க சார்’ என்று நாளைக்குக் கடிதத்தைத் திரும்ப வாங்கிவிடலாம்.

மனைவி குதிக்கவில்லை. கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்தாள்.

“நெஜமாவா? உங்களுக்குன்னு ஒரு ஆசை இருக்குன்னு இத்தனை வருஷத்துல இன்னிக்குத்தாங்க தெரியுது.”

“நீ வேணாம்னா விட்டுடறேன்...”

“நான் ஏன் வேணாங்கறேன்? இருங்க, அண்ணன்கிட்ட சொல்லிட்டு வரேன்.”

மச்சான் ஒரு காரியத்தைக் கையில் எடுத்தால் ஊரே அல்லோலகல்லோலப்படும். மறுநாளே தேனீக்களோடு ஒரு பெட்டியைக் கொண்டுவந்து மாடியில் இறக்கினான். “மாப்ளே, கனவுன்னு வந்துட்டா முகமூடியெல்லாம் எதுக்கு? தைரியமாத் தெறங்க!” என்றான், தான் மட்டும் கதவுக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டு.

தைரியமாகத் திறந்தார்.

ஒரு வாரம் கண் திறக்கவில்லை. உதடு இட்ட இடத்தில் இல்லை. வெள்ளிக்கிழமை பிரிவுபசாரக் கூட்டத்துக்கு மச்சான்தான் கைத்தாங்கலாகக் கூட்டிப்போனான். எல்லாரும் இருக்கிறார்கள், இப்போதாவது உண்மையைச் சொல்லிவிடுவது என்று எழுந்து நின்றார். வாயிலிருந்து காற்றுதான் வந்தது. கையை ஆட்டினார், தலையை ஆட்டினார், கடைசியில் அழுதேவிட்டார்.

“கனவுக்காக மூஞ்சியையே குடுத்திருக்கார் பாருங்க!” என்று மேலாளர் மாலையைப் போட்டார்.

அதற்கப்புறம் வீட்டில் இருப்பு. வீக்கம் வடிந்தது, தேனீக்கள் பாதி ஓடிப்போயின, சீல் சாரின் கை மட்டும் அடங்கவில்லை. செய்தித்தாள் வந்தால் தேதி போட்டார். தேனடைகளுக்கு ஒன்று முதல் எட்டு வரை எண் கொடுத்தார். பிறகு அடுப்படிக்கு வந்தார்.

“உப்பு டப்பாவுக்கு எதுக்குங்க நம்பரு?”

“அது பதினேழு. சர்க்கரை பதினாறு.”

“ஏங்க, நான் கேக்கறேன்னு கோவிச்சுக்காதீங்க. உங்களுக்கு என்னதாங்க வேணும்? வாயைத் திறந்து சொல்லித் தொலைங்களேன்!”

பத்தொன்பது வருஷத்தில் யாரும் அவரை அப்படிக் கேட்டதில்லை. மேலாளர் கேட்டதும் கனவைத்தான். ஆலோசகர்கூட ‘துரத்துங்க’ என்றாரே தவிர, எதை என்று கேட்கவில்லை. சீல் சார் உப்பு டப்பாவைக் கையில் வைத்துக்கொண்டு சின்னப்பிள்ளை மாதிரி விசும்பினார்.

“எனக்கு அந்த மேஜைதான் வேணும். ஜன்னல் பக்கத்து மேஜை. டப்புன்னு குத்தினா ஒரு சத்தம் வரும் பாரு, அதுதான் வேணும். அது பயமும் இல்ல, அடிமைத்தனமும் இல்ல. எனக்கு அது பிடிச்சிருந்துது. அவ்ளோதான்.”

மனைவி டப்பாவை வாங்கி வைத்தாள்.

“இதைச் சொல்றதுக்கா இத்தனை கொட்டு வாங்குனீங்க? எழுந்திருங்க. சட்டை தேச்சுத் தரேன், போய்க் கேளுங்க. கேக்கறதுல என்ன கௌரவக் குறைச்சல்?”

வாழ்க்கையில் முதல் தடவையாக, தனக்கு என்ன வேண்டும் என்று தெரிந்த ஒரு மனிதராக சீல் சார் தெருவில் நடந்தார். நெஞ்சு நிமிர்ந்திருந்தது. ‘மீண்டும் பணியில் சேர்த்துக்கொள்ளக் கோருதல்’ என்று எழுதி, வலது மேல் மூலையில் முத்திரைக்கு இடம் விட்டிருந்தார். கையில் ஒரு சின்னப் பாட்டில் தேன், மேலாளருக்கு. காலில் விழச் சொன்னாலும் விழுவது என்று முடிவு. வீம்பையெல்லாம் தேனீக்கள் எடுத்துக்கொண்டுவிட்டன.

வாசலிலேயே டிரே அக்கா எதிர்ப்பட்டார். சீல் சார் ஒன்றுவிடாமல் கொட்டித் தீர்த்தார். தவறிக் குத்தியது, காலண்டர் தேனீ, உப்பு டப்பா, எல்லாம். இத்தனை வருஷத்தில் அவர் அக்காவிடம் இவ்வளவு பேசியதில்லை. அக்கா கடிதத்தை வாங்கவில்லை.

உள்ளேயிருந்து சத்தம் கேட்டது. டப். டப். டப். தாளம் பிசகாமல், சொல்லப்போனால் அவரைவிடக் கொஞ்சம் ஆசையாக.

“யாருக்கா அது?”

“அன்னிக்கு கோட்டு போட்டுட்டு வந்து கனவைத் துரத்துங்கன்னு கத்தினாரே, அவர்தான் சார், ஒரே நாற்காலி, ஒரு மணிக்கு சாப்பாடு, இதுதான் இத்தனை வருஷமா அவரோட கனவாம், மேனேஜரை ஒரு வாரம் துரத்தித் துரத்தி உங்க மேஜையைப் பிடிச்சுட்டாரு.”