எருமை மேல் ஒரு சைபீரியப் பறவை

“ஏங்க, தண்ணி எங்கங்க?” என்று கேட்டாள் சாகிரா.

கையில் பைனாகுலரும் தோளில் வீடியோ கேமராவுமாகக் கரைவெட்டி ஏரிக்கரையில் நின்ற நிஜாமுதீனுக்கும் அதே சந்தேகம்தான். ஏரி இருந்தது, கரை இருந்தது, பறவைகள் சரணாலயம் என்று போர்டுகூட இருந்தது. தண்ணீரும் பறவைகளும்தான் இல்லை. மே மாத வெயிலில் ஏரி பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது.

“அந்தப் பக்கம் இருக்கும்,” என்றான், தானே வெட்டிய ஏரி மாதிரி.

நிஜாமுதீன் சவூதியில், தம்மாமில் துணிக்கடை ஒன்றில் வேலை பார்ப்பவன். இரண்டு வருஷத்துக்கு ஒரு தடவைதான் லப்பைக்குடிக்காட்டுக்கு வருவான். கரைவெட்டிக்கு சைபீரியாவிலிருந்தெல்லாம் பறவைகள் வருவதாகப் பேப்பரில் படித்தவன், எந்த மாதத்தில் வரும் என்பதைப் படிக்காமல் விட்டுவிட்டான். வெளிநாட்டிலிருந்து ஊருக்கு வருகிறவர்கள் எல்லாம் பள்ளிக்கூட லீவை ஒட்டித்தானே வருவார்கள்? பறவை மட்டும் என்ன விதிவிலக்கா?

வெள்ளிக்கிழமைதோறும் போனில், “அத்தா வந்ததும் கரைவெட்டிக்குக் கூட்டிட்டுப் போறேன்” என்று சொல்லிச் சொல்லியே இரண்டு வருஷத்தை ஓட்டினான். பத்து வயது அத்னான் அதைக் கேட்டு ஏதாவது பேசுவான். ஏழு வயது அஃப்ரின், “நல்லாருக்கேன்” என்று சொல்லிவிட்டு ரிசீவரை அம்மாவிடம் கொடுத்துவிடுவாள்.

நேரில் வந்த பிறகும் அவள் அவனை அத்தா என்று கூப்பிடவில்லை. “அவங்களுக்கு டீ வேணுமாம்மா?” என்று சுவரைப் பார்த்துக் கேட்பாள். நிஜாமுதீனுக்கு நெஞ்சு வலிக்கும். அடுத்த வெள்ளிக்கிழமை விமானம். அதற்குள் ஒரு தடவையாவது அவள் வாயால் அத்தா என்று கேட்டுவிட வேண்டும். அதற்குப் பறவைகளைத்தான் அவன் மலைபோல நம்பியிருந்தான்.

ஏரிக்குள் இறங்கி நடந்தார்கள். நடுவில் ஒரு சேற்றுக் குட்டை. அதில் ஓர் எருமை. அதன் முதுகில் ஒரு கொக்கு.

“அந்தா! சைபீரியாப் பறவை!”

“எருமை மேல உக்காந்திருக்கே அத்தா?” என்றான் அத்னான்.

“அவ்ளோ தூரம் பறந்து வந்திருக்குல்ல? அசதியா இருக்கும்.”

“ஆமால்ல!”

பிள்ளை இவ்வளவு சுலபமாக நம்புவான் என்று நிஜாமுதீன் எதிர்பார்க்கவில்லை. அவனுக்குத் துணிச்சல் வந்துவிட்டது. அந்த நேரம் பார்த்து அஃப்ரின், “கூழைக்கடா எங்க இருக்குன்னு அவங்களக் கேளும்மா,” என்றாள்.

அவன் அவசரமாகப் பைனாகுலரைச் சுழற்றினான். தூரத்துக் கருவேல மரத்தில் வெள்ளையாக என்னவோ தொங்கியது. உரச்சாக்கு. பார்த்ததும் தெரிந்துவிட்டது. ஆனால் வாய் முந்திக்கொண்டது.

“அந்தா, மரத்துல! கூழைக்கடா!”

அஃப்ரின் பைனாகுலரை வாங்கி வெகுநேரம் பார்த்தாள். “ரெக்கையில என்னமோ எழுதியிருக்கும்மா.”

“அடையாளம் தெரியணும்ல பாப்பா? அந்த ஊர்ல எழுதித்தான் அனுப்புவாங்க.”

சாகிரா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு திரும்பிக்கொண்டாள். தோள் குலுங்கியது.

“என்ன சாகிரா?”

“இருமலுங்க. புழுதி.”

அத்னான் விடவில்லை. “அது ஏன் அத்தா அசையவே மாட்டேங்குது?”

“முட்டை மேல உக்காந்திருக்குடா.”

“கத்துமா?”

“கத்தாம என்ன? சத்தம் போடாம நின்னா கத்தும்.”

சொன்ன பிறகுதான் அவனுக்கு உறைத்தது. உரச்சாக்கு எந்தக் காலத்தில் கத்தியது? மூன்று பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தார்கள். வேறு வழியில்லாமல், “காலைக் கழுவிட்டு வரேன்,” என்று கேமராவை மகனிடம் கொடுத்துவிட்டு, குட்டை ஓரத்துப் புதருக்குப் பின்னால் போய்ப் பதுங்கினான்.

கூழைக்கடா எப்படிக் கத்தும் என்று அவனுக்கு என்ன தெரியும்? ஊர்ச் சேவலையும் தம்மாம் ஒட்டகத்தையும் கலந்து அடிவயிற்றிலிருந்து ஒரு குரல் கொடுத்தான். பக்கத்திலிருந்த எருமை வெலவெலத்துப்போய் எழுந்தது. சைபீரியாப் பறவை பறந்தது. எருமை எழுந்த வேகத்தில் நிஜாமுதீன் பின்வாங்க, கால் வழுக்கி, இடுப்பளவு சேற்றில் தொப்பென்று உட்கார்ந்தான். எருமை மிரண்டு கரைப்பக்கம் ஓட்டம் பிடித்தது.

“யா அல்லாஹ்!” என்று அலறினாள் சாகிரா. ஆனால் அவளுக்கு முன்னால் ஓடி வந்தது அஃப்ரின்தான்.

“அத்தா! அத்தா விழுந்துட்டாங்க! அத்தா, கையக் குடுங்க அத்தா!”

ஒரே மூச்சில் எத்தனை அத்தா! சேற்றில் உட்கார்ந்தபடியே நிஜாமுதீனுக்குக் கண் கலங்கிவிட்டது. அந்த எருமைக்கு ஒரு முத்தம் கொடுக்கலாம் போலிருந்தது. சின்னக் கைகள் இரண்டும் அவன் கையைப் பிடித்து இழுத்தன. புதுப் பாவாடையெல்லாம் சேறு. இந்தப் பிள்ளையிடமா இத்தனை பொய் சொன்னோம் என்று அவனுக்கு வெட்கமாகிப்போனது.

“பாப்பா, அத்தா ஒண்ணு சொல்லுவேன், கோவிச்சுக்கக் கூடாது. அந்த மரத்துல இருக்கறது வந்து…”

“கூழைக்கடா,” என்றாள் அஃப்ரின் சட்டென்று.

“இல்ல பாப்பா…”

“கூழைக்கடாதான் அத்தா! நாங்க எல்லாரும் பாத்தோம்.”

அதற்குள் கரையிலிருந்து ஒரு குரல் கேட்டது. “எவன்டா அவன், எம்மாட்ட வெரட்டுறது?” கையில் குச்சியோடு ஓர் அம்மாள் வேகமாக இறங்கி வந்தாள். எருமைக்காரி பொன்னாயி. சேற்றில் இருந்தவனை முறைத்துவிட்டு சாகிராவின் பக்கம் திரும்பியவள், குச்சியைத் தாழ்த்தி வாயெல்லாம் பல்லாகச் சிரித்தாள்.

“அட, நீங்களா தாயி! தை மாசம் ஏரி ரொம்பி, பறவையாக் கெடந்தப்ப மூணு பேரும் வந்து நாள் பூராப் பாத்துட்டுப் போனீங்களே! கோடையில ஒரு குஞ்சுகூடத் தங்காதுன்னு அன்னிக்கே சொன்னனே, இந்த பாய்கிட்ட மட்டும் யாரும் சொல்லலியா?”