அரிசி டிரம்முக்குள் ஒரு போன்

அவிநாசி,
செவ்வாய்க்கிழமை

அன்புள்ள தம்பி ராபினுக்கு,

நீயும் உன் வீட்டாரும் மாதாவின் காவலில் நலமாயிருக்க மன்றாடுகிறேன். நான் நலமாயில்லை. போனைத் தொடவே பயமாயிருப்பதால்தான் கடிதம்.

மாடியில் குடியிருக்கும் ஜோதிகா பனியன் கம்பெனியில் தைக்கிறவள், தொழிலாளர் சங்கத்தில் இருக்கிறாள். வேலை முடிந்து வரும்போது கம்பெனி கேட்டில் காவலாளிகள் போனைத் திறந்து பார்க்கிறார்கள் என்று, சங்கத்துப் பெண்கள் தங்கள் படங்களையும் பேச்சுகளையும் வாட்ஸ்அப்பில் எனக்கு அனுப்பிவிட்டு அழித்துவிடுகிறார்கள். "உங்கள யாரும்மா சந்தேகப்படுவா? பாத்தா ஹெட்மிஸ்ட்ரஸ் மாதிரியில்ல இருக்கீங்க" என்றாள். புகழ்ச்சியில் ஏமாந்தேன். நேற்று வந்தது, வேலை நேரத்தில் பெண்கள் கழிவறைக்குப் போட்ட பூட்டின் படம், கூடவே ஜோதிகாவின் குரல்: "சாவி சூப்பர்வைசர் பாக்கெட்ல. நாங்க என்ன மெஷினா?" வியாழனன்று தொழிலாளர் துறை அதிகாரியிடம் கொடுக்க வேண்டிய சாட்சி. நேற்றேதான், கான்வென்ட்டில் என்னோடு படித்த நஞ்சம்மாளுக்குப் பிறந்தநாள். எங்கள் பழைய மாணவியர் குழுவில் அல்லிப்பூப் படம் போட்டு வாழ்த்தப் போனேன், மூக்குக்கண்ணாடி போடாமல். பூவுக்குப் பதில் பூட்டும் குரலும் போய்விட்டன, கீழே "என்றும் இதுபோல் மலர்ந்திரு" என்ற என் வாழ்த்தோடு. நஞ்சம்மாள் யார்? அந்தக் கம்பெனி முதலாளியின் தாய்! பதறி அழித்தேன். ஜோதிகா பார்த்துவிட்டு, "அம்மா, உங்க போன்ல மட்டுந்தான் அழிஞ்சிருக்கு, மத்த எல்லாருக்கும் தெரியுது" என்றவள், முகம் வெளுத்து, "இனி என்னையக் கேட்டுக்குள்ள விட மாட்டாய்ங்க" என்று படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். இன்று வேலைக்கும் போகவில்லை. காலையிலிருந்து வாசலில் ஒரு வெள்ளைக் கார் நிற்கிறது. ஜன்னலையெல்லாம் சாத்தி, போனை அரிசி டிரம்முக்குள் புதைத்துவிட்டேன். அங்கேயும் விடாமல் அடிக்குது. உன் மில் வேனை எடுத்துக்கிட்டு உடனே வாப்பா, எங்க ரெண்டு பேரையும் காங்கேயம் கூட்டிட்டுப் போயிடு. நான் பயந்தேன் என்று உன் மனைவியிடம் மட்டும் சொல்லாதே.

ஆண்டவர் உங்கள் எல்லோரையும் காப்பாராக. என்னை முதலில்.

உன் அக்கா,
பிலோமினாள்

பி.கு.: வர வேண்டாம். காரில் இருந்தது நஞ்சம்மாளேதான், அந்தப் பூட்டு என்னவென்று கேட்க வந்தவள். கேட்டைத் திறக்கச் சொல்லி அவள்தான் போன் அடித்துக்கொண்டிருந்திருக்கிறாள். "ஏம்புள்ளே, எத்தன நேரம்? அடக்க முடியலே, பாத்ரூம் எங்க?" என்று ஓடி வந்தவளை, ஜோதிகா குறுக்கே நின்று, "சூப்பர்வைசர்கிட்ட சாவி கேட்டாச்சாம்மா?" என்றாள். எனக்கு உயிரே போயிற்று. "அந்தக் குரல் நீதானா!" என்று அவளைத் தள்ளிவிட்டுப் போன நஞ்சம்மாள், உள்ளேயிருந்தபடியே மகனுக்குப் போன் போட்டாள்: "டேய், அந்தப் பூட்ட இப்பவே கழட்டு. இந்தப் புள்ளயக் கேட்டுல நிறுத்துனா உன்ற ஊட்டுப் படி ஏற மாட்டேன்."

இனி எதற்கு என்று, ஜோதிகா அனுப்பிய அந்தப் படத்தை அழிக்கப் போனேன். "இருக்கட்டும்மா, மறுபடி பூட்டுனாலும் பூட்டுவாய்ங்க. வியாழக்கெழம வேணும்" என்றாள். போன் மறுபடியும் டிரம்மில், வியாழன் வரை பத்திரமாய். வருவதானால் மூடி இறுக்கமான டிரம் ஒன்று வாங்கி வா.