மெர்டேக்காவுக்குப் பறந்த பல்

சோடா மூடியைப் பல்லால் திறக்கிறவனுக்குக் கைதட்டல் ஒரு தடவைதான் கிடைக்கும். எனக்கு அந்த ஒரு தடவையும் கிடைக்கவில்லை. மூடி அப்படியே இருந்தது; முன்பல் பாதிக்கு மேல் போய்விட்டது.

நாடு சுதந்திரம் அடையப்போகிற நேரம் அது. காஜா பேராங் திடலில் கொண்டாட்டம். மேடையேறி ‘மெர்டேக்கா!’ (மலாயில் ‘சுதந்திரம்!’) என்று முதல் குரல் கொடுக்க என்னைத்தான் தேர்ந்தெடுத்திருந்தார்கள். (பாடத் தெரியாது, பேசத் தெரியாது. கத்த மட்டும் நன்றாக வரும்.) இந்தப் பெருமையைத் தெரு முழுக்கச் சொல்லியும் முடித்திருந்தேன். ஓட்டை வாயோடு எப்படி மேடையில் நிற்பது?

“பேசாம புடுங்கிட்டு வாங்க லா. பொக்கை வாயிலயும் சத்தம் வரும்,” என்றாள் என் மனைவி கனகம்.

டவுனில் புதிதாகக் கடை திறந்திருந்த சீனப் பல் டாக்டரம்மா அதற்குச் சம்மதிக்கவில்லை. அவர் பேசியது மலாய். என் மனதில் அது தமிழாகவே பதிந்துவிட்டது.

“எதுக்குப் புடுங்கணும்? வேர் நல்லாத்தானே இருக்கு!”

அந்த அம்மாளின் வேலையை இன்று நினைத்தாலும் ஆச்சரியம்தான். தையல் மிஷின் மாதிரி காலால் மிதித்து ஓட்டுகிற துளைக்கருவி. கெட்டுப்போன நரம்பை எடுப்பார் என்று போனால், முதலில் உடைந்த பல்லைச் சுற்றிச் சிமெண்டால் சின்னதாகச் சுவர் எழுப்பினார்.

“எச்சில் உள்ள போனா எல்லாம் வீண். முதல்ல சுவர்.”

அப்புறம்தான் முடி போன்ற ஊசிகளால் வேரின் உள்ளே சுத்தம் செய்தார். நான் நாற்காலியின் கையைப் பிய்த்துவிடும் நிலையில் இருந்தேன்; அவர் ஏதோ பாட்டை முனகிக்கொண்டிருந்தார். மருந்து வைத்து மூடுவார், மறுபடி வரச் சொல்லித் திறப்பார். அவசரம் என்பதே கிடையாது. கடைசியில் வேரை நிரப்பி அடைத்து, மேலே ஒரு தற்காலிகப் பல்லை ஒட்டினார். வேருக்குள் தங்கத் தண்டு இறக்கி அதன்மேல் கட்டுகிற நிரந்தரப் பல் சுதந்திரத்துக்கு அப்புறம்தான்.

“இதால எதையும் கடிக்காதீங்க.”

சத்தியமாகக் கடிக்கவில்லை. கனகம் தோசையைக்கூடப் பிசைந்துதான் கொடுத்தாள். ஆனால் கத்தக் கூடாது என்று யாரும் சொல்லவில்லையே!

விழாவன்று முன்வரிசையில் கனகமும் டாக்டரம்மாவும் சிவப்புச் சிராப் தண்ணீர் குடித்தபடி உட்கார்ந்திருந்தார்கள். நான் மார்பு நிறையக் காற்றை இழுத்து, “மெர்டேக்கா!” என்றேன். சுதந்திரமும் பல்லும் சேர்ந்தே கிளம்பின. கனகத்தின் கிளாஸில் ‘டொப்’பென்று ஏதோ விழுந்தது.

திடலே பதிலுக்குக் கத்தி ஓய்ந்த அந்த அமைதியில் அவள் எழுந்தாள். கிளாஸுக்குள் விரலை விட்டு எடுத்து, எல்லாருக்கும் தெரிகிற மாதிரி உயர்த்திக் காட்டினாள்.

“ஏங்க, உங்க பல்லு!”

அன்று எழுந்த சிரிப்பு உஜோங் பாசிர் கடற்கரைவரை கேட்டிருக்கும். நான் வாயைப் பொத்திக்கொண்டு மேடைப் படியைத் தேடினேன். அதற்குள் டாக்டரம்மா அந்தப் படியேறி வந்து என்னை மறித்துவிட்டார்.

“வாயைத் திறங்க.”

அத்தனை பேர் முன்னாலும் திறந்தேன். எட்டிப் பார்த்தார், தட்டிப் பார்த்தார். முகம் மலர்ந்தது.

“அடைச்சது அப்படியே இருக்கு. வேருக்கு ஒண்ணும் ஆகல. நீங்க கத்துங்க!”

ஊரே சிரிக்கும்போது என் வேரைப் பற்றிக் கவலைப்பட்ட ஒரே மனுஷி அவர். அவருக்காகவே கத்தினேன், விசில் சத்தத்தோடு. திடல் இரண்டு மடங்காகத் திருப்பிக் கத்தியது. (சுதந்திரத்துக்கா, எனக்கா என்று இன்றுவரை விசாரிக்கவில்லை.)

பிறகு அவர் கட்டிய பல் இன்னும் என் வாயில் இருக்கிறது. உடையாமல் இருந்த மற்ற பற்களெல்லாம் ஒவ்வொன்றாகப் போய்விட்டன. ஒவ்வோர் ஆகஸ்ட் கடைசியிலும் டிவியில் ‘மெர்டேக்கா’ கேட்டதும் கனகம் தன் கிளாஸைக் கையால் மூடிக்கொள்வாள். பேரப்பிள்ளைகளும் அவசர அவசரமாக மூடிக்கொள்வார்கள். அவர்களை ஏமாற்றக் கூடாதே என்று நானும் வருஷா வருஷம் முழு மூச்சாகக் கத்தித்தான் பார்க்கிறேன்.

அந்த அம்மாள் கட்டியது, அசைய மாட்டேன் என்கிறது.