பிரிச்சிடு பாயின் கவுண்டர்

காரைக்காலிலிருந்து வளைகுடாவுக்குப் போகிற எந்த ஊறுகாயும் பிரிச்சிடு பாயின் மூக்கைத் தாண்டாமல் கடலைத் தாண்டியதில்லை.

எங்கள் பார்சல் அலுவலகத்தின் முதல் கவுண்டர் அவருடையது. தாய்மார்கள் வீட்டிலேயே இறுக்கிக் கட்டிக் கொண்டுவரும் அட்டைப்பெட்டியை ஒரே இழுப்பில் பிரிப்பார். ஒவ்வொரு டப்பாவாகத் திறந்து, முகர்ந்து, பையனைப் பற்றி விசாரித்து, மறுபடி கட்டுவார். நான் அங்கே ‘செயல்திறன் மேலாளர்’. மிரளாதீர்கள். கைப்பேசியில் நேரம் பார்ப்பதுதான் வேலை. அதிலும் பாதி நாள் பொத்தானை அமுக்க மறந்துவிடுவேன்.

“பாய், ஒரு பெட்டிக்கு அஞ்சு நிமிஷத்துக்கு மேல ஆவக் கூடாதாம். ஹெட் ஆபீஸ் உத்தரவு.”

“ஹெட் ஆபீஸுக்கு மவன் இருக்கானா துபாயில?”

“தெரியலையே பாய்.”

“கேட்டுச் சொல்லுங்க தம்பி. அதுவரைக்கும் இப்புடித்தான்.”

மறுநாள் நான் டீ குடித்துவிட்டு வந்தால், கடிகாரத்தைக் காட்டுகிறார். “போயி எம்புட்டு நேரமாச்சு! இதை எந்தக் கணக்குல எழுதுவீங்க?” வரிசையே சிரித்தது.

ஹெட் ஆபீஸ் சிரிக்கவில்லை. பக்கத்தில் இரண்டாவது கவுண்டர் போட்டு, மின்னல் வேகத்தில் டேப் ஒட்டும் ஓர் ஆளை உட்கார வைத்தது. மாதக் கடைசியில் எது மெதுவோ அதை மூட வேண்டும். அதன் ஆள் வீட்டுக்குப் போக வேண்டும்.

கருக்களாச்சேரியிலிருந்து கருவாட்டுப் பெட்டியோடு ஓர் அம்மா வந்தார். “அங்க காலியா இருக்கு, வாங்கம்மா” என்று கெஞ்சினேன்.

“நான் என்ன பஸ்ஸுக்கா நிக்கிறேன்? பாயே பிரிச்சுப் பாக்கட்டும். கருவாடு மணந்தா ரூமுல இருக்கவன் எம்மவன்கிட்ட சண்டைக்கு வர்றானாம்.”

“மணக்காம கட்டிடுவோம். புள்ளைக்குக் காச்சல் விட்டுச்சா?” என்றபடி பாய் பிரிக்கத் தொடங்கினார்.

“பாய், வேலை போயிரும்” என்று கிசுகிசுத்தேன்.

“போவட்டுமே! அதுக்காகக் கண்ண மூடிக்கிட்டு டேப்பு ஒட்டச் சொல்றீங்களா?”

மாதக் கடைசியில், இரண்டாவது கவுண்டரில் காத்திருந்தவர் ஒருவருமில்லை என்று எழுதி அனுப்பினேன். வந்தவரே ஒருவருமில்லை என்றும் எழுதியிருந்தேன். முதல் வரியோடு படிப்பதை நிறுத்திக்கொண்ட ஹெட் ஆபீஸ், அந்தக் கவுண்டரைப் பாராட்டி, முதலாவதை உடனே மூடச் சொன்னது.

மூடினேன். பாயை நாற்காலியோடு தள்ளிக்கொண்டுபோய் இரண்டாவதில் உட்கார வைத்தேன். சும்மா இருந்தே அலுத்துப்போன மின்னல் அதற்குள் வேறு வேலைக்குப் போயிருந்தார்.

ஹெட் ஆபீஸுக்கு விஷயம் தெரிந்து வேலை போனது. பாய்க்கு அல்ல, அவர் இல்லாமல் அந்த வரிசை நகராதே. எனக்கு.

இப்போது நான் ஷார்ஜாவில் இருக்கிறேன். போன வாரம் வீட்டிலிருந்து பெட்டி வந்தது. அம்மா கட்டிய கட்டு அல்ல, பாயின் கட்டு. கைப்பேசியைத் தூர வைத்துவிட்டு, முடிச்சு முடிச்சாக, மெதுவாகவே பிரித்தேன்.