நெட்டிச் சாமியும் ஒரு டீயும்

ஆந்திராவில் நரசாபுரத்துக்குப் பக்கத்தில், வீட்டுக்கு வீடு பெண்கள் லேஸ் பின்னுகிற அந்த ஊரில், கொஞ்ச நாளாக நூலைப் பற்றிப் பேச்சில்லை. பேச்செல்லாம் நெட்டியைப் பற்றித்தான்.

"உனக்கு எத்தனை விழுந்துச்சு?"

"எட்டு. உனக்கு?"

"பத்தும்! கட்டை விரல்கூட மிச்சம் வைக்கல."

மூடிக்கிடந்த அரிசி மில்லில் வந்து இறங்கியிருந்த நெட்டிச் சாமியின் மகிமை அது. பிள்ளைக்குக் கண்ணேறு கழிக்கிறோம் என்று முகத்தை வழித்து, நெற்றிப்பொட்டில் விரலை வைத்து நெட்டி முறிக்கிறார்களே தாய்மார்கள், அந்தக் கண்ணேறெல்லாம் பிறகு எங்கே போகும்? அம்மாவின் விரல் கணுவில் ஏறி உட்கார்ந்துகொள்ளுமாம். உட்கார்ந்த இடத்தில் வீங்குமாம், வலிக்குமாம், விரலை மடக்க விடாதாம். காலையிலிருந்து இரவு வரை கொக்கி ஊசியைக் கிள்ளிப் பிடித்திருப்பதால் வலிக்கலாம் என்று யாராவது சொன்னால், அது தெய்வ நிந்தனை.

சிகிச்சை சுலபம். சாமி விரலை இழுப்பார். சடக்! உள்ளே கண்ணேறு இருக்கிறது. வேப்பிலையால் தடவி மந்திரம் சொல்வார். மறுபடி இழுப்பார். சத்தமே வராது. கண்ணேறு காலி! காணிக்கை என்று காசு கேட்க மாட்டார், பாவம். அந்த விரல்கள் கடைசியாகப் பின்னிய லேஸில் தீட்டு ஒட்டியிருக்குமாம், அதை மட்டும் வைத்துவிட்டுப் போக வேண்டும். கோதாவரியில் விடுவதற்காகச் சீடன் அதை மோட்டார் சைக்கிளில் கட்டிக்கொண்டு போவான். ஆற்றுக்குப் போகிற வண்டி ஏன் லேஸ் வியாபாரி வீட்டுப் பக்கம் திரும்புகிறது என்று ஒருவரும் கேட்கவில்லை.

அதைவிட வேடிக்கை, நெட்டி ஊரில் அந்தஸ்தாகிவிட்டது. நிறைய விழுந்தால் நிறையப் பேர் பொறாமைப்படுகிறார்கள் என்று அர்த்தமாம். இரண்டே இரண்டு விழுந்த மங்கதாயாரு வீட்டுக்கு வந்து ஒரு பாட்டம் அழுதாள். "நம்ம மேல கண்ணு வைக்க ஒரு நாதிகூட இல்லியா?" அவள் புருஷன் சமாதானம் சொன்னான்: "அழாதடி, பெரிய ஃபிரிட்ஜா ஒண்ணு வாங்கிடலாம்."

வீரவேணிக்கு அந்தஸ்து வேண்டாம், விரல் வேண்டும். காலையில் எழுந்தால் இரண்டு கையிலும் கணுக்கள் வீங்கி, ஒரு மணி நேரத்துக்கு மேல் விறைத்துக் கிடக்கும். தலைமுடியைப் பின்னக்கூட மகளைக் கூப்பிட வேண்டும். பீமாவரத்து டாக்டரம்மா ரத்தம் சோதித்துப் பார்த்துத் தெளிவாகச் சொல்லியிருந்தார்: "இது மூட்டு வாதம். மாத்திரையை விட்டீங்கன்னா விரல் கோணிப்போகும். கோணினது அப்புறம் நேராகாது."

சாமியோ வருகிறவர்களிடமெல்லாம், "மருந்தும் மந்திரமும் ஒரே விரல்ல குடியிருக்காது. மாத்திரையை என் ஓம குண்டத்துல போடு" என்றார். மருந்துக்கு நாலு மாதம் பொறுமை வேண்டும். சாமிக்கு நாலு நிமிஷம் போதும். வீரவேணி மாத்திரைப் பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டாள்.

கூடவே அண்ணன் மனைவி நூகரத்தினமும் வந்தாள். நூகரத்தினத்துக்கு ஒரு கெட்ட பழக்கம். பேசும்போது, பஸ்ஸுக்கு நிற்கும்போது, சண்டை போடும்போதுகூட விரலை இழுத்து நெட்டி முறித்துக்கொண்டே இருப்பாள். பிறந்த வீட்டிலும் புகுந்த வீட்டிலும் அதற்காகத் திட்டு வாங்காத நாளில்லை.

மில்லுக்குள் நல்ல கூட்டம். சாமி வீரவேணியின் வீங்கிய விரல்களை இழுத்தார். அவளுக்கு உயிர் போனது. சடக், சடக் என்று நாலு விழுந்தது. மந்திரம் முடிந்து மறுபடி இழுத்தார். ஒரு சத்தமும் இல்லை. கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொண்டது. வீரவேணிக்குச் சந்தோஷத்தில் அழுகையே வந்துவிட்டது. குண்டத்தை நோக்கிப் பையை நீட்டினாள்.

"இரு வீரவேணி" என்று நூகரத்தினம் முன்னால் வந்து உட்கார்ந்தாள். "சாமி, எனக்கும் பாருங்க."

பட்டாசு மாதிரி பத்தும் விழுந்தது. மங்கதாயாரு பெருமூச்சு விட்டாள். சாமி வேப்பிலையை எடுத்தார்.

"மந்திரம் வேண்டாம் சாமி. அப்படியே இன்னொரு தடவை இழுங்க."

"மந்திரம் இல்லாம எப்படிம்மா?"

"அப்ப நானே இழுத்துக்கறேன்." பத்து விரலையும் இழுத்துக் காட்டினாள். ஒன்றுகூடச் சத்தம் போடவில்லை. "மந்திரமே சொல்லலியே, கண்ணேறு எங்க போச்சு?"

கூட்டம் சாமியைப் பார்த்தது. சாமி சளைத்தவரா? "என் கை பட்டாலே போதும்! இனி ஏழு ஜென்மத்துக்கும் வராது!"

"அப்ப ஒரு டீ குடிச்சிட்டு வர்றோம்."

"நல்ல நேரம் தாண்டிடும்! மாத்திரையை இப்பவே போடணும்!"

வீரவேணியின் கை பாதியில் நின்றது. "ஏழு ஜென்மத்துக்கும் வராதுன்னீங்களே சாமி. அரை மணி நேரத்துல என்ன ஆயிடப் போகுது?"

கூட்டமே எழுந்து வாசலில் இருந்த லோவராஜுவின் டீக்கடைக்குப் போனது. மிளகாய் பஜ்ஜி தீர்ந்தது. விரலைத் தொடக்கூடாது என்று நூகரத்தினம் கண்டிஷன் போட்டிருந்ததால் ஆளுக்காள் கையைக் கட்டிக்கொண்டு காத்திருந்தார்கள். அரை மணி நேரம் கழித்து உள்ளே போய் நூகரத்தினம் விரலை இழுத்தாள். சடக்! பிறகு, அன்று காலையில் 'குணமான' பெண்கள் ஒவ்வொருவராக இழுத்தார்கள். மில்லே சடசடத்தது.

"ஒரு தடவை முறிச்சா கொஞ்ச நேரத்துக்கு முறியாது. அப்புறம் தானா முறியும். எனக்குச் சின்ன வயசுலேர்ந்து இதே வேலைதானே!" என்றாள் நூகரத்தினம்.

"புதுக் கண்ணு!" என்று அலறினார் சாமி. "இப்பத்தான் பட்டிருக்கு! டீக்கடையில யார் இருந்தா?"

வாசலில் நின்று வேடிக்கை பார்த்த லோவராஜுவை எல்லோரும் திரும்பிப் பார்த்தார்களே பார்க்கலாம்!

"அம்மா தாயே, நான் பஜ்ஜியை மட்டும்தான் பாத்தேன்!"

அதற்குள் மங்கதாயாரு ஒரே எட்டில் போய்ச் சாமியின் கையைப் பிடித்து விரல்களை ஒவ்வொன்றாக இழுத்துவிட்டாள். ஒன்று, இரண்டு என்று ஊரே எண்ணியது. பத்து!

"சாமிக்கே பத்தா! ஏன் சாமி, உங்க மேல யார் வச்ச கண்ணு? சீக்கிரம் மந்திரத்தைச் சொல்லிக்கோங்க!"

சீடன் அதற்கு முன்பே மோட்டார் சைக்கிளை உதைத்துக்கொண்டிருந்தான். சாமி பின்னால் தாவி ஏறினார். வண்டியில் கட்டியிருந்த லேஸ் மூட்டையை மட்டும் பெண்கள் விடவில்லை.

மறுநாள் காலையிலும் வீரவேணியின் விரல்கள் விறைத்துத்தான் கிடந்தன. இளஞ்சூட்டு வெந்நீரில் கையை வைத்து, டாக்டரம்மா சொல்லிக்கொடுத்தபடி மெல்ல மடக்கி நீட்டிக்கொண்டிருந்தாள். கடைசி நொடியில் குண்டத்துக்குத் தப்பிய மாத்திரைப் பை பக்கத்திலேயே இருந்தது. அதைப் பார்க்கும்போதெல்லாம் தன் மேலேயே கோபம் வந்தது.

மங்கதாயாரு மூச்சு வாங்க ஓடி வந்தாள். "வீரவேணி, பாலகொல்லுல கால்விரல் சாமின்னு ஒருத்தர் வந்திருக்காராம். நெசமானவராம்!"

"போய்ட்டு வா, வேண்டாங்கல" என்றாள் வீரவேணி, கையைத் தண்ணீரிலிருந்து எடுக்காமலே. "ஆனா காலை நீட்டறதுக்கு முன்னால ஒண்ணு கேளு. நடுவுல எழுந்து போய் ஒரு டீ குடிச்சிட்டு வர விடுவாரா?"