த நூத்தியொண்ணு

இந்தக் கதையில் ஒரு சிரிப்பு இருக்கிறது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிற ரகம். ஆனால் இப்போது கிடையாது. கிளைட் பெட்ராட்டி இன்னும் நாற்காலியில்தான் உட்கார்ந்திருக்கிறார். அவர் எழுந்திருக்க வேண்டும். எழுந்தபிறகுதான் சிரிப்பு. அதற்குள் கடைசி வரியை எட்டிப் பார்க்கிறவர்களுக்குப் பாதிச் சிரிப்புதான் கிடைக்கும், சொல்லிவிட்டேன்.

முதலில் அந்த நாற்காலி. சாய்வு நாற்காலி. வாங்கியபோது பழுப்பு நிறம். இப்போது அது என்ன நிறம் என்று சொல்ல ஒரு நிபுணர் குழு வேண்டும். கைப்பிடி இரண்டிலும் ஒட்டு நாடா. சாய வேண்டுமென்றால் இடதுபக்கம் ஓர் உதை. நிமிர வேண்டுமென்றால் இரண்டு உதை, ஒரு வசவு. உள்ளே ஒரு சுருள்கம்பி துணியைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்து, கிளைட்டின் இடுப்புக்கு மேலே சரியாக ஒரே இடத்தில் குத்தும். ராத்திரியானால் மனைவி நடீன் அந்த இடத்தில் தைலம் தேய்த்துவிடுவாள்.

"அதைத் தூக்கிப் போடேன் கிளைட்!"

"அது என் முதுகோட பழகிடுச்சும்மா."

"உன் முதுகு அதோட பழகலையே! ஆட்டுக்குட்டி மாதிரி கத்துறே!"

இப்படியே வருஷங்கள் ஓடின. நாற்காலி நகரவில்லை. கிளைட்டும் நகரவில்லை.

இரண்டாவது, ரோடு. கிளைட் பெட்டலூமாவில் பிறந்து, பெட்டலூமாவில் வளர்ந்து, ஓய்வு பெறும்வரை பால் டேங்கர் ஓட்டியவர். வட கலிபோர்னியா ரோடெல்லாம் அவர் உள்ளங்கை. நடீன் பிறந்தது தெற்கே, லாஸ் ஏஞ்சலஸ் பக்கம், பர்பாங்கில். அங்கே ஒரு வழக்கம். நெடுஞ்சாலை எண்ணைச் சொல்லும்போது முன்னால் 'த' ஒட்டாமல் சொல்ல மாட்டார்கள். நமக்குப் பள்ளிக்கூடத்தில் படிப்பித்தார்களே, பின்னால் உயிரெழுத்து ஓசை வந்தால் 'தி', இல்லாவிட்டால் 'த' என்று, அதே ஆங்கிலக் குட்டிச் சொல்தான். தமிழில் அதற்கு வேலையே இல்லை. அங்கேயோ அதை வைத்து மாகாணத்தையே இரண்டாக வகுந்துவிடலாம். தெற்கே 'த நூத்தியொண்ணு'. வடக்கே வெறும் 'நூத்தியொண்ணு'. வடக்கே வந்து 'த' போட்டால், சாப்பாட்டு மேசையில் செருப்பை எடுத்து வைத்தது மாதிரி பார்ப்பார்கள்.

அந்த வெள்ளிக்கிழமை சாயங்காலம் நடீன் தன் தம்பி வெர்னனோடு போனில் பேசிக்கொண்டிருந்தாள். "ஞாயித்துக்கிழமை மதியத்துக்குள்ள வந்துடு. த நூத்தியொண்ணுல வா, சுத்து வழி வேணாம்" என்றாள்.

நாற்காலியிலிருந்து ஓர் உறுமல்.

"போட்டுட்டியா? கல்யாணமாகி இத்தனை வருஷமாச்சு, இன்னும் போடறே! சூரியன் ஒண்ணே ஒண்ணு. அதுக்கு 'த' போடு, ஒத்துக்கிறேன். நிலா ஒண்ணே ஒண்ணு. போடு. நூத்தியொண்ணுங்கறது ரோட்டோட பேரும்மா! பேருக்கு எதுக்கு 'த'? என்னை 'த கிளைட்'னா கூப்பிடுவே?"

"கூப்பிடலாம். ஊருக்கே நீ ஒருத்தன்தானே."

இது பாராட்டா வசவா என்று கிளைட் கொஞ்சநேரம் யோசித்தார். பிடிபடவில்லை. ஆகவே மார்பை நிமிர்த்தி ஒரு மகா தீர்மானத்தை வெளியிட்டார்.

"பந்தயம்! வெர்னன் வந்து இறங்கறவரைக்கும், ரோட்டு நம்பருக்கு முன்னால யார் முதல்ல 'த' போடறாங்களோ அவங்க தோத்தாங்க. நீ போட்டா, இந்த நாற்காலியைப் பத்தி ஆயுசுக்கும் வாயே திறக்கக் கூடாது."

"நீ போட்டா?"

"நானா?" கிளைட் சிரித்தார். நாற்காலியும் சேர்ந்து கிறீச்சிட்டது. "நான் போட்டா இதைத் தாராளமா குப்பைமேட்டுக்கு அனுப்பு."

"வாய்தவறி வந்தா?"

"தூக்கத்துல வந்தாலும் கணக்கு. ஜுரத்துல வந்தாலும் கணக்கு. விளையாட்டுக்குச் சொன்னாலும் கணக்கு. சாக்குப்போக்கே கிடையாது!"

நடீன் தூக்கத்தில் பேசுகிறவள். அதை நினைத்துத்தான் அந்த நிபந்தனை. பக்கத்து வீட்டு மேனி சில்வேரா நடுவர். மேனி மாடு வளர்ப்பவர். நோஞ்சான் கன்று என்றால் ஒரு கையால் தூக்கிவிடுவார். பேச்சு மட்டும் மாடு அசைபோடும் வேகத்தில்தான் வரும்.

சனிக்கிழமை முழுக்க கிளைட் வலை விரித்தார். காலை உணவு மேசையில் ரோட்டு வரைபடத்தை விரித்தார்.

"வெர்னன் எந்த ரோட்டுல வர்றான்?"

"கார் போற ரோட்டுல."

"நாம சான் ஃபிரான்சிஸ்கோ போனமே, அது எந்த ரோடு?"

"நீ வழி மறந்தியே, அந்த ரோடு."

"உங்கப்பா வீடு எந்த ரோட்டை ஒட்டி?"

"தூங்கவிடாத ரோட்டை ஒட்டி. முட்டையைத் தின்னு, ஆறிப்போகுது."

ராத்திரி அவள் வாயருகே காதை வைத்துப் படுத்தார். அவள் தூக்கத்தில் என்னமோ முணுமுணுத்தாள். கிளைட் மூச்சைப் பிடித்துக் கேட்டார். "குறட்டை விடாதே" என்றாள்.

ஞாயிறு காலை அடுப்பில் பன்றித்தொடை வெந்துகொண்டிருந்தது. கிளைட் நாற்காலியில் வெற்றி வீரன் தோரணையில் சாய்ந்திருந்தார். இன்னும் கொஞ்சநேரம். அவள் தோற்கவில்லை, சரி. அவரும்தான் தோற்கவில்லையே! பந்தயம் சமமென்றால் நாற்காலி இருந்த இடத்திலேயே இருக்கும்.

வாசலில் மேனியின் பிக்கப் வண்டி பின்பக்கமாக வந்து நின்றது. மேனி உள்ளே வந்து தொப்பியைக் கழற்றினார்.

நடீன் அடுப்படியில் உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டே கேட்டாள்: "மேனி, என் தம்பியை நீ பார்த்ததே இல்லையே?"

"இ...ல்ல. ஆனா... கிளைட் அவனை மாதிரியே பேசிக்காட்டுவார்னு... ஊருல சொல்றாங்க."

"அதெல்லாம் அப்போ. இப்ப முன்ன மாதிரி வர்றதில்ல பாவம். வயசாச்சு இல்லையா, குரல் மங்கிடுச்சு."

நாற்காலியில் ஓர் அசைவு.

"யாருக்கு மங்கிடுச்சு?"

"விடு ராசா, இதுல என்ன இருக்கு."

"நான்... பேசிக்காட்டறேன்" என்று மேனி தொண்டையைச் செருமினார். "அக்...கா... ரோ...ட்டுல... கூட்டம்..."

கிளைட்டால் தாங்க முடியவில்லை. சங்கீத வித்வான் முன்னால் யாரோ தகர டப்பாவைத் தட்டினால் எப்படி இருக்கும்!

"டேய், அது வெர்னனா? சளி பிடிச்ச பசு! வெர்னன் பேச்சு மூக்குல ஆரம்பிச்சு மூக்குலயே முடியும். இப்படி..."

"உட்கார்ந்துக்கிட்டா?" என்றாள் நடீன். "வெர்னன் உட்கார்ந்து பேசி யாரு பார்த்தா? பெல்ட்டைத் தூக்கி விட்டுக்கிட்டு நின்னுல்ல பேசுவான். உனக்கு முதுகு வேற வலிக்கும், வேணாம்."

இரண்டு உதை. ஒரு வசவு. கிளைட் எழுந்துவிட்டார்!

(இல்லை, இன்னும் சிரிக்கக் கூடாது.)

பெல்ட்டை மார்புவரை தூக்கினார். வயிற்றைத் தள்ளினார். மூக்கு விடைத்தது. கிளைட் போய், அவர் நின்ற இடத்தில் வெர்னன் வந்து நின்றான்.

"அக்கா! என்னாத்தச் சொல்றது போ! காலைல த நூத்தி முப்பத்தினாலுல ஏறினேனா, எறும்பு முந்திப் போவுது! சரின்னு த நானூத்தஞ்சுக்குத் தாவினேன். அங்க எறும்பே நிக்குது! கடைசில த நூத்தியொண்ணைப் பிடிச்சு..."

மேனி தொப்பியால் முகத்தைப் பொத்திக்கொண்டார். தோள் குலுங்கியது. நடீன் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"அய்யோ, அப்படியே என் தம்பி! இங்க வா, அடுப்படிக்கு வா. கறி தீஞ்சுடும், நான் நகர முடியாது. வெர்னன் பெட்ரோல் தீர்ந்து நின்னானே, அதையும் செஞ்சுகாட்டு!"

மங்கிப்போன குரலா? கிளைட் அடுப்படியில் மறுபடி ஆரம்பித்தார். கரண்டியை ஸ்டியரிங் ஆக்கினார். தி எண்பதில் போனார், த முப்பத்தேழில் திரும்பினார். 'தி'யும் 'த'வும் அந்தந்த இடத்தில் பிசகாமல் விழுந்தன. ஒரே ஆள் பத்து கார்களின் ஹாரன் அடித்தார். கூடத்தில் ஏதோ கனமாக உராய்ந்த சத்தம்கூட அந்த ஹாரனில் அமுங்கிப்போனது. அது தன்னுடைய வாய் என்ற நினைப்பே அவருக்கு இல்லை. வெர்னனின் வாய். தான் வெறுமனே அதைச் சுமந்துகொண்டு நிற்கிற ஆள்.

வெளியிலிருந்து மேனியின் குரல் வந்தது. மூச்சு வாங்கியது.

"கிளைட்... குப்பைமேட்டுக்கு... எப்படிப் போறது? வெர்னன் மாதிரி... சொல்லு."

கிளைட் பின்வாசல் வழியாக வண்டியிடம் ஓடினார். பின்னால் நீலத் தார்ப்பாய் போர்த்தி மலை மாதிரி ஒன்று இருந்தது. அதை உள்ளங்கையால் ஓங்கித் தட்டினார்.

"என்னடா இது, மாடு செத்துடுச்சா?"

"பழைய சாமான். ரொம்ப நாளா... இழுத்துக்கிட்டே கிடந்துச்சு."

"தூக்கிப் போடுடா, எதுக்கு வச்சுக்கிட்டு!" என்றார் கிளைட். பிறகு மூக்கை விடைத்தார். "கேட்டுக்க தம்பி! நேரா போயி த நூத்தியொண்ணுல வடக்க ஏறு. த நூத்திப்பதினாறு வரும், இறங்கிடு. அப்புறம் உன் மூக்கு எங்க காட்டுதோ அங்க குப்பைமேடு!"

கயிற்றைப் பார்த்ததும் அவருடைய டேங்கர் ரத்தம் கொதித்தது.

"இதெல்லாம் ஒரு முடிச்சா? பாதி வழில பறந்துடும். தள்ளு!"

முட்டுக்கால் கொடுத்து இழுத்து, தன் கையாலேயே இறுக்கிக் கட்டினார். பூகம்பம் வந்தாலும் அவிழாது. மேனி வண்டியைக் கிளப்பினார். கண்ணாடியில் அவர் முகம் ஏன் அப்படிக் கோணியிருந்தது என்று கிளைட் யோசிக்கவில்லை. வண்டி தெருமுனை திரும்பும்வரை கையசைத்தார்.

உள்ளே வந்தார். தனக்குத்தானே இன்னும் சிரித்துக்கொண்டு, கூடத்துக்குப் போய், திரும்பி, வழக்கம்போலப் பார்க்காமலே உட்காரப் போனார்.

நடீன் சரியான நேரத்தில் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள். அதற்காகவே அங்கே நின்றிருந்தாள்.

கம்பளத்தில் ஒரு சதுரம். இத்தனை வருஷமாக வெயில் படாத, புத்தம்புது நிறத்தில்.

கிளைட் அதைப் பார்த்தார். ஜன்னலைப் பார்த்தார். தன் உள்ளங்கையில் இருந்த கயிற்றுத் தழும்பைப் பார்த்தார்.

"நடீன்... தூக்கத்துல சொன்னாலும் கணக்குன்னேன்ல?"

"சொன்னே."

"விளையாட்டுக்குச் சொன்னாலும்...?"

"அதையும் நீதான் சொன்னே ராசா." அவள் கை அவருடைய இடுப்புக்கு மேலே, அந்த ஒரே இடத்தைத் தடவிவிட்டது. "புது நாற்காலி வெர்னன் வேன்ல வருது. முதுகுல குத்தாதது. அளவெல்லாம் எடுத்துச் சொல்லியாச்சு."

கிளைட் கால் பெருவிரலால் அந்தச் சதுரத்தைத் தொட்டுப் பார்த்தார்.

"இப்ப... எங்க வந்துக்கிட்டிருக்கான்?"

நடீன் வெள்ளிக்கிழமையிலிருந்து நாக்கின் அடியில் அடக்கி வைத்திருந்ததை, மிட்டாயைச் சப்புவது போல நிதானமாக, வாய் நிறையச் சொன்னாள்:

"த நூத்தியொண்ணுல."